வழி கேட்டுப் போகட்டும்



முதன்முதலாகக் கடல் கடந்து தனியே போகும் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள் சொல்ல வேண்டும் என்று நம் சங்கத்தின் காரியதரிசி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளை தனியே விமானம் ஏறும் வயது வந்ததும் முதலில் போவது பெரும்பாலும் தாத்தா பாட்டி இருக்கும் தேசத்துக்குத்தான். உங்களுக்கு அது ஊருக்குத் திரும்பும் பிரயாணம். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே இதுவரை போய்வந்த அவர்களுக்கோ அதுதான் மெய்யான முதல் வெளிநாட்டுப் பிரயாணம். ஆகையால் அந்தப் பிரயாணத்தைப் பற்றியே பேச உத்தேசிக்கிறேன்.

ஆயத்தங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இருபது வயதுக்கு முன் எடுத்த, வெளிநாட்டு இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டையை, இருபது நிரம்பியபின் புதுப் பாஸ்போர்ட் வாங்கும்போது ஒரு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். மருந்துகளை அவற்றின் அசல் டப்பியிலேயே, வைத்தியரின் சீட்டோடு வைக்க வேண்டும். அங்கே மின்சாரம் 230 வோல்ட், நமது தலைமுடி உலர்த்தும் கருவி அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் தாய்மார்கள் என்னைவிடச் செவ்வையாகக் கவனிப்பீர்கள். என் மனத்தை உறுத்துகிற விஷயம் வேறு.

பிள்ளை மீனம்பாக்கத்தில் இறங்குகிறான். மாமாவின் கார் வந்து நிற்கிறது. மாமாவின் மகன் இவனைவிட வேகமாக ஆங்கிலம் பேசுகிறான். குளிரூட்டிய வீடு, குளிரூட்டிய கார், குளிரூட்டிய கடைவீதி என்று நான்கு வாரம் கழிகிறது. ஊரிலிருந்து பாட்டியையே சென்னைக்கு வரவழைத்துப் பார்க்க வைத்து, பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பத்து வருஷம் சனிக்கிழமைதோறும், மழையென்றும் பனியென்றும் பாராமல் நீங்கள் காரோட்டிச் சென்று கற்பித்த தமிழ், அந்த நான்கு வாரத்தில் ஒரு வேளைச் சோற்றுக்குக்கூட அவனுக்கு உபயோகப்படவில்லை. திரும்பி வந்தவன், "அங்கேகூடத் தமிழ் தேவைப்படவில்லையே, அப்பா" என்கிறான். இந்த வார்த்தையை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் என் காதால் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டு நின்ற தகப்பனாரின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைமேல் எனக்கு வருத்தமில்லை. தமிழ் தேவைப்படும் இடம் ஒவ்வொன்றையும் நாமே அன்பினால் அடைத்து வைத்துவிட்டோம்.

அடைக்காமல் விட்டால் வழிதவறிப் போவானே என்று நீங்கள் அஞ்சுவது நியாயமே. ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுக்கும் வழி இப்போது இருக்கிறதா? உங்களில் பலர் ஊரைவிட்டுப் புறப்பட்ட காலத்தில் வெளியூர் பஸ்கள் பாரிமுனையிலிருந்து போயின. 2002-இல் கோயம்பேட்டுக்குப் போயின. 2023-ஆம் வருஷக் கடைசியில் தென்மாவட்டத்து பஸ்களுக்காகக் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறந்தார்கள். எழும்பூரில் ஜன்னலோரம் இடம் பிடிக்கத் துண்டு போட்டோமே, அந்த மீட்டர் கேஜ் வண்டி இன்று இல்லை, தண்டவாளத்தையே அகலமாக்கிவிட்டார்கள். சிரிக்கிறீர்கள், துண்டு போட்டவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பதாகத் தெரிகிறது! நம் மனத்திலுள்ள ஊர் நம் பிள்ளைக்கு வழிகாட்டாது. அங்கே இருக்கிறவர்களைக் கேட்டுத்தான் அவன் போக வேண்டும்.

அப்படிக் கேட்டுக் கேட்டே உலகைச் சுற்றிய ஏ. கே. செட்டியார் என்ற பெயரைப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் நடத்திய 'குமரி மலர்' இதழ்களைக் கட்டிவைத்திருந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் இங்கும் இருக்கக்கூடும். 1911-இல் கோட்டையூரில் பிறந்து, இளம் பிராயத்திலேயே பர்மாவில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தி, டோக்கியோவிலும், பின்னர் இதோ ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற அந்த இளைஞர், 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியடிகளின் ஜன்ம தினத்தன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் இருந்தபோது, மகாத்மாவின் வாழ்க்கையைச் சலனப் படமாக எடுக்க வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை. காந்தியைப் படம் பிடித்த சுருள்கள் உலகெங்கும் யார் யாரிடமோ சிதறிக் கிடந்தன. தென்னாப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய், நெடுந்தூரம் சுற்றி, 50,000 அடிப் படத்தைத் திரட்டி, 1940-இல் அதைத் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். இருக்குமிடம் தெரியாத பொருளைத் தேடிப் புறப்பட்டவனுக்குக் கேட்டுக் கேட்டுப் போவதைத் தவிர வேறு உபாயம் ஏது? அவருக்கு முந்தைய தலைமுறையிலும் செட்டிநாட்டில் மீசை அரும்பாத பிள்ளைகளையே பெட்டியடிப் பையன்களாகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேற்றினார்கள். நாகப்பட்டினத்துக் கரையில் நின்று கப்பல் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்களுக்கு நம்மைவிடப் பாசம் குறைவென்று யார் சொல்ல முடியும்?

என் நண்பர் ஒருவர் தம் மகளைப் போன கோடையில் அப்படித்தான் விட்டார். கல்லூரியில் முதல் வருஷம் முடித்த பெண். சென்னையில் இரவு ரயில் ஏறி, விடியற்காலையில் புதுக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அப்பத்தா ஊருக்குப் போக வேண்டும். பஸ்ஸுக்கென்று பத்து ரூபாய் நோட்டுகளாகத் தகப்பனார் முன்கூட்டியே மாற்றிக் கொடுத்திருந்தார். பஸ் நிலையத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "அம்மா, இந்த ஊருக்குப் போகும் பேருந்து எங்கே நிற்கும்?" என்று சனிக்கிழமை வகுப்புத் தமிழில் கேட்டாள். அந்த அம்மாள் நாரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்தா, அந்தக் கடைக்கு எதுத்தாப்புல நில்லு தாயி, இப்ப வந்துரும்" என்றாள். வந்தது. கண்டக்டரிடம் பத்து ரூபாயை நீட்டினாள். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நோட்டைத் தொடாமலே நகர்ந்துவிட்டார். பெண் திகைத்துப்போய் நோட்டைப் பிடித்தபடியே நின்றாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் வந்த ஏற்பாடு அவளுக்கும் தெரியாது, அவள் தகப்பனாருக்கும் தெரியாது. பக்கத்திலிருந்த ஸ்திரீ விஷயத்தைச் சொல்லி, அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று கேட்டாள்.

தகப்பனார் பெயரைச் சொன்னாள், ஒருவருக்கும் தெரியவில்லை. தாத்தாவின் பெயரைச் சொன்னாள். "அட, வாத்தியார் பேத்தியா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதன்பின் பஸ்ஸில் பாதிப் பேர் அவளோடு பேசினார்கள். தாத்தா யார் யாருக்கு எழுத்தறிவித்தார், யாரைப் பிரம்பால் அடித்தார், பீஸ் கட்ட இயலாத எந்தப் பையனுக்குத் தம் சம்பளத்திலிருந்து கட்டினார் என்பதெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் வெளிவந்தன. பையை மடியில் வைத்திருந்த ஸ்திரீ உறவைக் கணக்குப் பார்த்து, "அப்ப நான் உனக்கு அத்தை முறை" என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றிரவு அந்தப் பெண் அப்பத்தாவைத் தூங்கவிடவில்லையாம். தாத்தாவைப் பற்றி அவ்வளவு கேள்வி. தகப்பனார் இதைச் சொல்லும்போது, தம் தந்தையைப் பற்றித் தமக்கே தெரியாத சமாசாரங்களை மகள் வாயால் கேட்டதாகச் சொல்லி நெகிழ்ந்துபோனார்.

ஆகையால் பெற்றோர்களிடம் என் விண்ணப்பம் இது. வழியை எழுதிக் கொடுப்பதைவிட, பெயர்களை எழுதிக் கொடுங்கள்: தாத்தா, பூட்டன் பெயர், ஊரார் உங்கள் வீட்டுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர், எந்தத் தெரு, யார் யாருக்கு என்ன முறை. இன்றிரவே ஊருக்குப் போன் செய்து, பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசவேண்டாம் என்று மாமாவையும் சித்தப்பாவையும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இரண்டு நாள் களைப்பாறட்டும். பிறகு ஊருக்குத் தனியே அனுப்பச் சொல்லுங்கள். மணிக்கொரு தரம் நீங்கள் போனில் கூப்பிட்டால், அவன் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசுவது எப்போது?

இளைஞர்களே, உங்களுக்கு இரண்டொரு வார்த்தைதான். உங்கள் தமிழைக் கேட்டு ஊரில் சிரிப்பார்கள். அது பரிகாசம் அல்ல. இவ்வளவு தூரத்திலிருந்து வந்த பிள்ளை நம்மைப்போல் பேசுகிறதே என்ற சந்தோஷம். அதைக் கண்டு வாயை மூடிவிடாதீர்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இரவில் படுக்குமுன் அன்று கேட்டதை அரைப் பக்கம் தமிழில் எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும்.

வரும் ஜூன் மாதம் புறப்படுகிற பிள்ளைகளின் பெயர்களைக் காரியதரிசி வாசலில் எழுதிக்கொள்கிறார். மே மாதத்துச் சனிக்கிழமைகளில், பாடப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பஸ் பலகை வாசிக்கவும் வழி கேட்கவும் உறவுமுறை சொல்லவும் பழக்கிக்கொடுக்க நானும் நம் பள்ளி ஆசிரியைகள் இருவரும் சம்மதித்திருக்கிறோம். பெற்றோர்கள் தயவுசெய்து வகுப்பறைக்கு வெளியே காத்திருக்க வேண்டும்.