சுடுமல்லியை உறங்க வைத்தவர்

பேராசிரியருக்குப் பரிசு கிடைத்தால் நமக்கென்ன என்று நினைப்பீர்கள். இது நம்ம சோளக் கொல்லை சமாசாரம்.

2009-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு பெற்றவர் கெபிசா எஜெட்டா. எத்தியோப்பியாவிலே ஓரறைக் கூரை வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் 20 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை நடந்து போய், வெள்ளிக்கிழமை நடந்தே திரும்புவாராம். பிறகு அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். வறட்சி தாங்கும் வீரிய ஒட்டுச் சோளமும், சுடுமல்லியை எதிர்க்கும் சோளமும் உருவாக்கியதற்கே அந்தப் பரிசு.

சுடுமல்லி விதை தூசி மாதிரி. வருஷக்கணக்கில் மண்ணுக்குள்ளே தூங்கும். சோள வேரிலிருந்து ஒரு பொருள் கசிந்தால்தான் விழித்து முளைக்கும். வேரிலே ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும். அது மண்ணுக்கு மேலே தலை காட்டுமுன்பே பயிர் வாடிவிடும். களைக்கொத்துக்கு அகப்படாத திருடன்!

எஜெட்டாவும் அவருடன் உழைத்தவர்களும் அந்தக் கசிவு குறைந்த சோளத்தைத் தேடிப் பிடித்து, நல்ல ரகங்களோடு சேர்த்தார்கள். எழுப்ப ஆளில்லாவிட்டால் களை தூங்கத்தானே செய்யும்? 1994-இல் அந்த விதை எட்டு டன், 12 ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனது.

அங்கே அதற்கு ஊதாப் பூ. நம்ம பக்கம் பெரும்பாலும் வெள்ளைப் பூ. சோளத்திலோ கரும்பிலோ கண்டால், பூத்து விதை கட்டுமுன் பிடுங்கிவிடுங்கள். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை சிந்தும்.