எண்ணிப் போட்டா போதும்: முதல் குரோஷே ஸ்டிச்

பிக்கட்டியில குளிர் ஆரம்பிச்சாச்சு. காலையில இலை பறிக்கப் போற அம்மாவுக்கு ஒரு மஃப்ளர் போடலாம்னு போன வருஷம் உட்கார்ந்தேன். பாதியில பார்த்தா முக்கோணமா நிக்குது! ஒவ்வொரு வரிசையிலயும் கடைசி ஸ்டிச்சை விட்டிருக்கேன்.

இந்த முறை சுலபமான ஒண்ணு: லெமன் பீல் ஸ்டிச். 5 மி.மீ. ஊசி, வெளிர் நிற உல்லன் நூல் எடுத்துக்கோங்க. 21 சங்கிலி போடுங்க. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில ஒரு சிங்கிள், அடுத்ததுல ஒரு டபுள். இப்படியே மாத்தி மாத்திப் போட்டா 20 ஸ்டிச். திருப்பி ஒரு சங்கிலி. அதைக் கணக்குல சேர்க்காதீங்க. இனி டபுள் மேல சிங்கிள், சிங்கிள் மேல டபுள். குட்டைக்குப் பக்கத்துல நெட்டை நிக்கிறதால, நெட்டை புடைச்சுக்கும். எலுமிச்சைத் தோல் மாதிரி சொரசொரப்பு வரும்.

இதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் புத்தகத்துல இதே சிங்கிளுக்கு டபுள்னு பேரு, டபுளுக்கு ட்ரெபிள்.

ஒவ்வொரு வரிசை முடிவிலயும் எண்ணுங்க. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம மலையின் தோடர் எம்பிராய்டரிகூட, படம் வரையாம துணியின் இழையை எண்ணிப் போடுறதுதான்.

அம்மாவோட மஃப்ளர் இப்போ 40 வரிசை. ஓரம் நேரா இருக்கு!