அடுக்குச் சம்பங்கி

குளிர் தேசங்களில் பனி விலகும்போது டாஃபடில் என்றொரு மஞ்சள் பூ பூக்கும். அதன் கிழங்கு மண்ணுக்குள் பல வாரம் குளிர்ந்து கிடந்தால்தான் மொட்டு வரும். பெரம்பலூர், அரியலூர் வெயிலில் அது நடக்கிற காரியமா? ஆனால் கிழங்கிலிருந்து கிளம்பி, அடுக்கடுக்காய் மலர்ந்து, ஜாடியிலும் நிற்கிற பூ நமக்கும் உண்டு. சம்பங்கி!

மெக்சிகோவிலிருந்து வந்தவள், வேலியோரத்து ரயில் கற்றாழைக்குச் சொந்தக்காரி. ஒற்றைச் சம்பங்கி மாலைக்கு, அடுக்குச் சம்பங்கி ஜாடிக்கு. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த சுவாசினி, வைபவ் இரண்டும் அடுக்கு ரகங்கள். ஒரு பூவை நகத்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே போகப் போக இதழ்தான். வாசனையில் மட்டும் ஒற்றைதான் கெட்டிக்காரி. அத்தருக்கு அதைத்தான் கேட்பார்கள்.

ஜூன், ஜூலையில் 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பொறுக்கி, வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர் விட்டு நடலாம். செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் ஊன்றிய கைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். கரிசலில் மட்டும் வடிகால் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

மூன்று, நான்கு மாதத்தில் தண்டு நீளும். அடியில் இரண்டு பூ விரிந்ததும், வெயில் ஏறுமுன் அறுத்து, உடனே தண்ணீர் வாளியில் நிறுத்துங்கள். மேலே உள்ள மொட்டெல்லாம் வாங்கியவர் வீட்டில் விரியட்டும்.