பசுமை வேறு, நலம் வேறு
(விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு ஈந்த நெல்லிக்கனியை நாம் அறிவோம். கொடையைப் போற்றும் நாம், அக்கனி விளைந்த காட்டை நினைப்பதில்லை. அவன் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. இம்மாவட்டத்தின் இலையுதிர் காடுகளில் உசிலையும் சந்தனமும் மூங்கிலும் சூழ இன்றும் நெல்லி வளர்கிறது. அக்காடு நலமாக உள்ளதா என்பதே இன்று நான் எழுப்பும் வினா.

மழைக்காலம் முடிந்தவுடன் ஒகேனக்கல்லுக்கோ வத்தல்மலைக்கோ செல்பவர், எங்கும் பசுமை என்று மகிழ்ந்து திரும்புவர். ஆனால் பசுமை வேறு, நலம் வேறு. அப்பசுமையில் ஒரு பகுதி உண்ணிச்செடிப் புதர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, புல்லையும் இளமரங்களையும் தலையெடுக்க விடுவதில்லை.

அடுத்து வெப்பம். தொழிற்புரட்சிக்கு முன், காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. உலகின் சராசரி வெப்பநிலையும் ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துள்ளது. ஒரு பாகை சிறிதெனத் தோன்றும். ஆயினும் சூடேறிய காற்று இலையிலிருந்து மிகுதியான நீரை இழுக்கிறது. நீரைக் காக்க மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் பசி, திறந்தால் தாகம். இவ்வாறு மெலிந்த மரத்தைப் பூச்சியும் நோயும் எளிதில் பற்றும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். உழவர்க்கு இழப்பீடு உண்டு. காட்டுக்கு யார் தருவார்?

மூன்றாவது, காற்றின் மாசு. பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. அங்கே இரவும் பகலும் சரக்குந்துகள் புகை கக்குகின்றன. அப்புகையிலுள்ள நைட்ரசன் ஆக்சைடுகளும் பிற ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன. வானின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், தரையருகே இலைத்துளை வழி நுழைந்து இலையின் திசுக்களைச் சிதைக்கும். சாலையின் புழுதியோ இலைமேல் படிந்து ஒளியை மறைக்கும். நம் சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் கல்பாசியை அறிவீர்கள். அவ்வினத்தவற்றுள் பல, மாசடைந்த காற்றில் தழைப்பதில்லை. மரப்பட்டையில் அவை குறைவதைக் கண்டு காற்றின் கேட்டை உணரலாம்.

வெப்பத்தால் உலர்ந்த புதர், கோடையில் தீக்கு விறகாகிறது. சிறு தரைத்தீயைத் தாங்கவல்ல இலையுதிர் காடும், அடர்ந்த உண்ணிப்புதர் மூட்டும் பெருந்தீயைத் தாங்காது. அத்தீயின் புகை மீண்டும் காற்றையே கெடுக்கிறது. ஒரு கேடு மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

புல்லும் நீரும் குறைந்த காட்டில் யானை என் செய்யும்? பயிர் நிலம் தேடி வரும். 2023 மார்ச் 7ஆம் நாள், நம் மாவட்டத்து மாரண்டஅள்ளிக்கு அருகே, சட்டத்துக்குப் புறம்பான மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன்வந்த இரு கன்றுகள் உயிர் தப்பின. வேலியிட்டவர் செயல் குற்றமே. ஆயினும் யானை வயலுக்கு வரும் நிலையை ஆக்கியதில் நம் அனைவருக்கும் பங்குண்டு.

2022இல் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. நற்செயல். எனினும் எல்லைக்கல் கோடரியைத் தடுக்குமேயன்றிக் காற்றைத் தடுக்காது. எனவே எஞ்சிய பணி நம்முடையது.

தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என உயிர்வரிசையின் முதலில் வைத்தார். ஓருயிர்க்கும் தீங்கு செய்யாமையை நோன்பாகக் கொண்ட நாம், மரத்தை வெட்டாதிருந்தால் போதும் என்று அமையலாமா? யாத்திரைக்குத் தனித்தனி வாகனங்களில் செல்லாமல் ஒரே பேருந்தில் செல்வோம். குப்பையையும் சருகையும் எரியாது மக்கச் செய்வோம். கோடையில் காட்டோரம் அடுப்பு மூட்டாதிருப்போம். அறக்கட்டளை நிலங்களில் நெல்லி, புங்கு, வேம்பு போன்ற நம் மண்ணின் மரங்களை நட்டு, மூன்று கோடைகளேனும் நீரூற்றிக் காப்போம். நட்டதை எண்ணாமல் பிழைத்ததை எண்ணுவோம். அந்த எண்ணிக்கையை அடுத்த ஆண்டு இதே அவையில் இளைஞர்கள் எடுத்துரைக்க வேண்டும் என வேண்டி அமைகிறேன்.