உழைப்புப் பழக்கமே தலைமைக்கு வித்து



வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலின் தொடக்கத்தில், நாடாள்பவனுக்குரிய இலக்கணத்தை 25 அதிகாரங்களில் விரித்துரைத்துள்ளார். இறைமாட்சியில் தொடங்கும் அவ்வரசியல் பகுதி எதில் நிறைவு பெறுகிறது என்று நோக்கின் வியப்பு மேலிடும். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை ஆகிய நான்கு அதிகாரங்களே அதன் முடிவாக அமைந்துள்ளன. மனத்தில் ஊக்கம், செயலில் சோம்பலின்மை, விடாமுயற்சி, துன்பத்தில் கலங்காமை என்னும் இந்நான்கும் பிறப்பால் வருவன அல்ல; பதவி ஆணையோடு சேர்த்து வழங்கப்படுவனவும் அல்ல. நாள்தோறும் பழகிப் பழகி வருவன.

அரசனுக்குச் சொல்லப்பட்ட இவ்விலக்கணம் அலுவலக எழுத்தருக்கும், கப்பல் பட்டறைத் தொழிலாளிக்கும், மருத்துவமனைத் தாதிக்கும் பொருந்துமா என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதற்குச் சிங்கப்பூர் மண்ணிலேயே ஒரு வாழ்க்கை சான்றாக நிற்கிறது. 1999 முதல் 2011 வரை 12 ஆண்டுகள் குடியரசின் அதிபராக விளங்கி, 2016 ஆகஸ்ட் 22இல் மறைந்த திரு எஸ். ஆர். நாதன் அவர்களின் வாழ்க்கையே அது.

கேலாங் வட்டாரத்து அன்பர்கள் அவரை நினைவுகூர்வதில் தனிப் பொருத்தமும் உண்டு. அவர் நெடுங்காலம் வாழ்ந்தது இங்கிருந்து தொலைவில் இல்லாத சிலோன் சாலையில். அதனினும் மேலாக, 1983 முதல் 1988 வரை இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராக இருந்து ஆலயப் பணிக்கும் தோள் கொடுத்தவர் அவர்.

இளமையில் வந்த இடர்

செல்லப்பன் ராமநாதன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1924 ஜூலை 3ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். இளமைக் காலத்தின் ஒரு பகுதி ஜொகூரின் மூவார் நகரில் கழிந்தது. ரப்பர் விலை வீழ்ச்சியால் மலாயாவே தத்தளித்த காலம் அது. எட்டு வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் வறுமையுற்றது. பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. 16ஆவது வயதில் வீட்டை விட்டே வெளியேறினார்.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். படிப்பை முடிக்காமல், தந்தையின் துணையும் இல்லாமல், வீட்டை விட்டு ஓடிய ஒரு தமிழ்ச் சிறுவனைப் பற்றி அன்றைய உற்றார் உறவினர் என்ன கருதியிருப்பர்? இன்றும் தேர்வில் தவறிய பிள்ளையைப் பார்த்து, “இவன் அவ்வளவுதான்” என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கிவிடும் பெற்றோர் உளர். அத்தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதை, அச்சிறுவன் பின்னாளில் அடைந்த உயரம் உணர்த்துகிறது.

கற்றலை நிறுத்தாமை

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் இளைஞர் நாதன் ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளராகப் பணி செய்தார். போர் முடிந்தது. வயது இருபதைக் கடந்துவிட்டது. பகலில் வேலை, மற்ற நேரத்தில் தாமே படித்தல் என்று முயன்று, விட்டுப்போன உயர்நிலைப் பள்ளிக் கல்வியை நிறைவு செய்தார். பின்னர் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954இல் சமூகவியல் பணிக்கான பட்டயத்தைச் சிறப்புத் தேர்ச்சியுடன் பெற்றார். அப்போது அவருக்கு வயது 30.

இதில் அடங்கியுள்ள பாடம் தெளிவானது. அவர் ஒரே பாய்ச்சலில் உயர்ந்தவர் அல்லர். ஒவ்வொரு நிலையிலும் அப்போதைய வேலைக்குத் தேவையானதை விடச் சற்றுக் கூடுதலாகக் கற்றார். அக்கூடுதல் அறிவே அடுத்த வேலைக்குரிய தகுதியாயிற்று. நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் படிப்பவர் ஓராண்டில் 365 மணி நேரம் படித்தவர் ஆகிறார். சிறுதுளி பெருவெள்ளம் என்பது பணத்துக்கு மட்டும் உரிய மொழி அன்று, காலத்துக்கும் உரியது.

இன்றைய தொழிலாளருக்கு வாய்ப்புகள் அன்றையதினும் மிகுதி. 2015இல் தொடங்கப்பெற்ற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின் கீழ், 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 2016 முதல் 500 வெள்ளி பயிற்சித் தொகையாக வழங்கப்பட்டது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு 2024 மே மாதத்தில் மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. 2014இல் திறக்கப்பட்ட வாழ்நாள் கற்றல் கழகம் பாயா லேபார் எம்ஆர்டி நிலையத்துக்கு அண்மையிலேயே உள்ளது. வழி திறந்திருக்கிறது. அதில் நடப்பதற்கு வேண்டியது மடியின்மை ஒன்றே.

பேசுமுன் அறிதல்

1955இல் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக அரசுப் பணியில் சேர்ந்த திரு நாதன், அடுத்த ஆண்டே கடலோடிகளின் நலன் காக்கும் அதிகாரியானார். நோயாளியின் துன்பத்தையும் மாலுமியின் முறையீட்டையும் பொறுமையுடன் கேட்பதே அப்பணிகளின் இயல்பு. எனவே, பிறருக்கு ஆணையிடும் நிலைக்கு வருவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, பிறர் சொல்வதைச் செவிமடுக்கும் பழக்கம் அவருக்கு வாய்த்தது.

1962இல் தொழிலாளர் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில்தான் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றியிருந்தது. சம்பளப் பேச்சுகளிலும் தொழில் நடுவர் நீதிமன்றத்திலும் தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளுக்கு வலுவூட்டுவது அப்பிரிவின் கடமை. முதலாளியின் முன் தொழிலாளியின் வழக்கு நிற்க வேண்டுமானால், குரல் உயர்ந்தால் போதாது. கணக்கு சரியாக இருத்தல் வேண்டும். நிறுவனத்தின் வரவு என்ன, செலவு என்ன, அதே தொழிலில் பிற இடங்களில் ஊதியம் என்ன என்ற விவரங்களைத் திரட்டிய பின்னரே பேச்சுக்கு அமர்தல் வேண்டும். அப்பிரிவில் துணை இயக்குநராகத் தொடங்கி, இயக்குநராக உயர்ந்து, 1966 ஜனவரி வரை பணியாற்றினார்.

அலுவலகத்தில் முன்னேற விழையும் எவருக்கும் இப்பழக்கம் பயன் தரும். மேலதிகாரியிடம் குறை ஒன்றைக் கொண்டு செல்பவர், அக்குறை எத்தனை முறை நேர்ந்தது, அதனால் எவ்வளவு காலம் வீணாயிற்று, தீர்க்கும் வழி யாது என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வாராயின் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டாகும். குறை கூறுவோர் பலர். வழி கூறுவோர் சிலர். அச்சிலரையே நிறுவனங்கள் தேடுகின்றன.

பொறுப்பை ஏற்றல்

1966 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சிலும், 1971இல் உள்துறை, தற்காப்பு அமைச்சுகளிலும் உயர் பொறுப்புகள் அவரை நாடி வந்தன. 1974 ஜனவரி 31ஆம் நாள் பயங்கரவாதிகள் நால்வர் புலாவ் புக்கோம் தீவிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கினர். பின்னர் ‘லாஜு’ என்னும் படகைக் கைப்பற்றி அதன் பணியாளர்களைப் பிணை பிடித்தனர். பல நாள் பேச்சுகளுக்குப் பின், அவர்களைக் குவைத்துக்கு அனுப்ப உடன்பாடு ஏற்பட்டது. பயணத்தில் தங்களுக்குத் தீங்கு நேராது என்பதற்கு உறுதியாகச் சிங்கப்பூர் அதிகாரிகள் உடன் வர வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. பிப்ரவரி 8ஆம் நாள் அவ்விமானத்தில் ஏறிய 13 பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திரு நாதன். திரும்பி வருவோம் என்னும் உத்தரவாதம் எவருக்கும் இல்லை. எனினும் அனைவரும் நலமே நாடு திரும்பினர்.

தலைமையின் உரைகல் இத்தகைய வேளைகளே. எளிய நாள்களில் முன்னே நிற்பதற்குப் பலர் உண்டு. இடர் வரும் நாளில் முன்னே நிற்பவரையே மக்கள் தலைவராக ஏற்கின்றனர். அந்த மனவுறுதி அந்த ஒரு நாளில் திடீரெனத் தோன்றியது அன்று. மூவாரிலும், மாலுமிகளிடையேயும், தொழிற்சங்கத்திலும் சிறுசிறு பொறுப்புகளைத் தட்டிக் கழிக்காமல் ஏற்றுப் பழகியதன் விளைவு அது.

1982இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகை நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது வேறு வகையான சோதனை காத்திருந்தது. அரசு அதிகாரி ஒருவர் தங்களுக்குத் தலைவராக வருவது குறித்துச் செய்தியாளர்கள் கலக்கமுற்றனர். அவர் அதிகாரத்தைக் காட்டி அவர்களை அடக்க முற்படவில்லை. பொறுமையாகப் பழகி, காலப்போக்கில் அவர்களின் நம்பிக்கையைப் பெற்றார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர் விடைபெற்று மலேசியாவுக்குத் தூதராகச் சென்றார். 1990 முதல் 1996 வரை அமெரிக்காவிலும் தூதராகத் திகழ்ந்தார். பதவி ஒருவருக்கு நாற்காலியைத் தரும். நம்பிக்கையை அவரே ஈட்டிக்கொள்ள வேண்டும்.

தொண்டு என்னும் பயிற்சிக்களம்

பத்திரிகை நிறுவனத்தின் பொறுப்பு தோளில் இருந்த அதே ஆண்டுகளில்தான் அவர் இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராகவும் தொண்டாற்றினார் என்பது கருதத்தக்கது. டோபி காட் வட்டாரத்தில் இருந்த அருள்மிகு சிவன் கோயிலின் நிலம் எம்ஆர்டி பணிக்காக எடுக்கப்பட்டதும் 1983இல்தான். கோயில் சிராங்கூன் சாலைக்குத் தற்காலிகமாக இடம் பெயர்ந்தது. பின்னர் கேலாங் ஈஸ்டில் புதிய ஆலயம் எழுந்து, 1993இல் குடமுழுக்குக் கண்டது. பத்தாண்டுகள் நீடித்த அப்பெரும்பணியில் நிர்வாகிகளும் தொண்டர்களும் பொறுமையாகப் பங்காற்றினர். இன்று அங்கு வழிபடுவோர் அவ்வுழைப்பின் பயனைத் துய்க்கின்றனர்.

ஆலயத் தொண்டு அருளைத் தேடித் தருவதோடு, தலைமைக்கும் பயிற்சி அளிக்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. அலுவலகத்தில் கீழே பணிபுரிவோர் சொல்வதைக் கேட்பதற்குச் சம்பளம் ஒரு காரணம். அன்னதானக் கூடத்தில் வாழையிலை போடும் தொண்டருக்குச் சம்பளம் இல்லை. விரும்பாவிட்டால் அவர் வீட்டுக்குச் சென்றுவிடலாம். அவரை இன்சொல்லாலும், முறையான திட்டத்தாலும், தாமும் உடன் நின்று உழைப்பதாலும் மட்டுமே ஒருங்கிணைக்க முடியும். எத்தனை பேர் உண்பர், அரிசி எவ்வளவு, பரிமாற எத்தனை பேர், பந்தி எத்தனை, முதியோருக்கு இடம் எங்கே என்று முன்கூட்டியே கணித்து, முடிந்தபின் வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்கும் இளைஞர், எந்த நிறுவனத்திலும் ஒரு குழுவை நடத்தும் தகுதியை அடைந்தவர் ஆகிறார். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அத்தொண்டைக் கூச்சமின்றி எடுத்துரைக்கலாம். எத்தனை பேரை வழிநடத்தினார், எந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்தார் என்று எண்ணிக்கையுடன் விளக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் இங்கே தேவை. நற்பழக்கம் உடையோர் அனைவரும் அதிபர் ஆவர் என்று எவரும் உறுதி கூற இயலாது. காலமும் வாய்ப்பும் பிறர் உதவியும் சேர்ந்தே பதவி அமைகிறது. ஆனால் வாய்ப்பு வந்து கதவைத் தட்டும்போது ஆயத்தமாக இருப்பவர், கற்றலையும் உழைப்பையும் கைவிடாதவரே. அவ்வாறு உயர்ந்தவருக்குப் பிறருக்கு வாய்ப்பை உண்டாக்கித் தரும் கடமையும் உண்டு. திரு நாதன் அதிபரான மறு ஆண்டே, 2000த்தில், ‘அதிபர் சவால்’ என்னும் நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கி எளியோருக்குத் துணை நின்றார். வசதி குறைந்த மாணவருக்காக அவர் பெயரில் கல்வி நிதியும் அமைந்தது. 87 வயதில் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் காலை நடை மேற்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இருந்தது. உயர்ந்தபின்னும் பழக்கங்கள் அவரை விட்டு நீங்கவில்லை.

ஆதலின், அன்பர்களே! இத்திருவிழா நாளில் ஒவ்வோர் இளைஞரும் மூன்று உறுதிகளை மேற்கொள்ளலாம். நாள்தோறும் ஒரு மணி நேரம் தொழில் தொடர்பான ஒன்றைக் கற்பது. ஏற்ற வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பது. ஆண்டுக்கு ஒரு பொதுத்தொண்டிலேனும் பொறுப்பேற்பது. பெற்றோரும் மூத்தோரும் ஓர் உறுதியை மேற்கொள்ளல் நன்று. தேர்வில் தவறிய பிள்ளையின் மீது இறுதித் தீர்ப்பு எழுதாமல், மீண்டும் எழுந்து நடக்கக் கைகொடுப்பதே அது. எட்டு வயதில் தந்தையை இழந்து, 30 வயதில் பட்டயம் பெற்று, 75 வயதில் நாட்டின் அதிபரான ஒருவர் வாழ்ந்த மண் இது.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் ஊக்கமும் உயர்வும் அருள்வானாக!