தையல் லைனுக்கு நாள் குறிக்கும் முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் உற்பத்தித் திட்டம் போடுவது என் வேலை. எந்த லைனில், எந்தத் தேதியில், யாருடைய ஆர்டர் ஓட வேண்டும் என்று சார்ட் எழுதுபவன் நான். ஆடை வடிவமைப்பு படிக்கும் தம்பி தங்கைகள் நாளை என்னைப் போன்ற ஒருவரிடம்தான் வந்து நிற்கப் போகிறீர்கள். அதனால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

"அண்ணா, அடுத்த வாரம் ஒரு லைன் கொடுங்க, 300 பீஸ்தான்" என்று புதிய டிசைனர்கள் கேட்பார்கள். நாங்கள் விற்பது இடமல்ல, நிமிடம். 20 மெஷின், 8 மணி நேரம் என்றால் 9,600 நிமிடம். ஒரு டி-சர்ட் தைக்க 10 நிமிடம் என்று வைத்தால் 960 வர வேண்டும். நூல் அறுவது, பிரித்துத் தைப்பது எல்லாம் போகப் பாதி வந்தாலே பெரிசு. அதுவும் ஒரே ஸ்டைல் ஓடினால்தான். 300 பீஸை ஆறு ஸ்டைலாகப் பிரித்தால், டெய்லருக்குக் கை பழகுவதற்குள் ஸ்டைல் மாறிவிடும். ஒரு நாள் வேலை மூன்று நாளாகும்.

தையல் தேதி தனியாக நிற்பதும் இல்லை. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங் எல்லாம் முடிந்துதான் துணி பவர் டேபிளுக்கு வரும். 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, மெஷினும் ஆளும் இருந்தும் துணியில்லாமல் தவித்த கம்பெனிகள் உண்டு.

ஒரு டிசைனர் லைன் பிடித்துவிட்டு, கழுத்துப் பட்டியின் நிறத்துக்கு ஓகே சொல்லாமல் நான்கு நாள் இழுத்தார். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் பாதியாகிவிட்டது. "ஏனுங்க, ஒரு கலர் பாக்கறதுக்கு நாலு நாளுங்களா?" என்று ஓவர்லாக் தைக்கும் அக்கா கேட்டார். அட்வான்ஸ் பணம் கம்பெனியின் நஷ்டத்தை ஈடுகட்டியது. அந்த அக்காவின் மளிகைக் கடனை ஈடுகட்டவில்லை.

ஆகவே, பெண் பார்க்காமல் மண்டபம் பிடிக்காதீர்கள். சாம்பிளுக்கு இறுதி ஒப்புதல், அளவுப் பட்டியல், துணி வரும் தேதி, பட்டன் லேபிள் எல்லாம் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லைன் கேளுங்கள். துணி வரும் தேதிக்கும் தையலுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள். தீபாவளியை ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள்; ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை லைன் நிரம்பாது. 300 பீஸுக்குப் பெரிய கம்பெனியைத் தேடாமல், பத்து மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டைப் பாருங்கள்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. பெரிய ஆர்டர் வந்தால் சின்ன ஆர்டரை ஓரம் கட்டும் கம்பெனிகள் இருக்கின்றன. அதனால் லைன், தேதி, பீஸ் எண்ணிக்கை மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தாமதமானால் யார் என்ன கொடுப்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அதில் தையல்காரரின் நாள் கூலிக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

உங்கள் பெயர் லேபிளில் வரும். தைத்தவர் பெயர் எங்கும் வராது. அவர் நேரத்தையாவது மதியுங்கள்.