சீட்டை எடுங்க, பேசுங்க!

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில், மாணவர் பேச்சாளர் மன்றத்தினர் முன் ஆற்றிய உரை)



"ஏதாவது உபயோகமா பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். மெஷின் டிசைன் பற்றிப் பேசினால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். கிரிக்கெட் இல்லைங்க, பேச்சு விளையாட்டு. எந்த முன்தயாரிப்பும் இல்லாமல், தலைப்பு கையில் வந்த நொடியே எழுந்து பேசுகிற விளையாட்டு.

நம் ஊருக்கு இது புதுசு இல்லை. ஈற்றடியை மட்டும் கொடுத்துவிட்டு, "இப்பவே ஒரு வெண்பா பாடும் பார்ப்போம்" என்று புலவரை மடக்குவது பழைய வழக்கம். அப்படிக் கேட்டவுடன் பாடுகிறவர்களுக்கு ஆசுகவி என்று பேர். காளமேகப் புலவர் அதில் பேர்போனவர். 1907-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். பல பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் வரும் கேள்விகளை நினைவில் வைத்து, தடுமாறாமல் பதில் சொல்லும் கலை அது. அதெல்லாம் மேதைகள் சமாச்சாரம். நமக்கு ஒரு நிமிஷம் போதும்.

மன்றத்தின் நிலைமை என்னவென்று மாணவர் செயலாளரிடம் விசாரித்தேன். எங்கள் காலத்துக் கதையேதான். ஜூலை, ஆகஸ்டில் முதல் கூட்டத்துக்கு உட்கார இடம் இருக்காது. மூன்றாவது கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலேயே கோப்பை வாங்கியவர்கள். மன்றம் யாருக்காக ஆரம்பிக்கப்பட்டதோ, அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள், தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள், சத்தமில்லாமல் கழன்றுகொண்டு போயிருப்பார்கள். 'நாட்டு வளர்ச்சியில் இளைஞர் பங்கு' என்று தலைப்புக் கொடுத்து ஐந்து நிமிஷம் பேசச் சொன்னால் நானும்தான் ஓடுவேன்!

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒரு ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். கூலிங் வாட்டர் பம்ப் ஒன்று இரண்டு நாளாக வேறு மாதிரி சத்தம் போட்டது. காலை மீட்டிங்கில் மேலாளர் கேட்டார், "யாராவது எதையாவது கவனிச்சீங்களா?" யாரும் வாய் திறக்கவில்லை. பேரிங் போயிருக்கும் என்று முடிவு செய்து, பம்ப்பைக் கழற்றி பேரிங்கை மாற்றினார்கள். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் சக்ஷன் பக்கத்து ஸ்ட்ரெய்னர் அடைத்துக்கொண்டு, தண்ணீர் போதாமல் பம்ப் கேவிடேஷனில் ஓடியிருக்கிறது. உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அதேதான். டீக்கடையில் ஒரு பயிற்சிப் பொறியாளர் என்னிடம் மெதுவாகச் சொன்னான், "அண்ணே, எனக்கு அன்னிக்கே சந்தேகம். கூழாங்கல் சத்தம்னு நோட்டுல கூட எழுதி வச்சிருந்தேன்." ஏன்டா சொல்லலை என்றால், "எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலண்ணே" என்றான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி, நேரம் போட்டு எழுதியிருந்தான்.

மேலாளர் கேட்டாரே, அது ஒரு நிமிஷத் தலைப்பு. வேலைக்குப் போனபிறகு நீங்கள் பேசப்போகும் பேச்செல்லாம் அந்த ரகம்தான். மாலை போட்டு மேடையில் ஏற்றிப் பேசச் சொல்வது, இன்றைக்கு எனக்கு நடந்த மாதிரி, எப்போதாவது நடக்கும்.

அந்தப் பையனுக்கு விளையாட்டு என்ன செய்யும்? சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்று ஒரு அம்மையார் இருந்தார். 1930-களின் இறுதியில் அரசாங்கத் திட்டம் ஒன்றில், பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் வேலை அவருக்கு. ஆளுக்கொரு பண்பாடு, வீட்டில் ஆளுக்கொரு மொழி. பாடமாக நடத்தினால் ஏறாது என்று விளையாட்டாக மாற்றினார். விளையாட்டில் கவனம் போய்விட்டால் 'எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்' என்ற நினைப்புக்கு இடம் இருக்காது என்பது அவர் கண்ட சூட்சுமம். 1963-ல் அவர் அதைப் புத்தகமாகவும் எழுதினார். பேச வராத பிள்ளைகளுக்கும் சேர்த்து உண்டான சரக்கு இது. நாம் அதைக் கோப்பை வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் கூட்டத்தில் வைக்க வேண்டியது என்று நான் நினைப்பது உளறல் மொழி. ஒருவர் எந்த மொழியும் இல்லாத மொழியில், கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி உளற வேண்டும். 'மங்கோச்சா பிலாக்கு தரிபுரி' என்று எதையாவது. பக்கத்தில் நிற்பவர் அதை மொழிபெயர்க்க வேண்டும்: "வெளிநாட்டு விஞ்ஞானி என்ன சொல்றாருன்னா, நம்ம ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பைக் கண்டுபிடிக்க இன்னும் கருவி வரலையாம்." உளறுகிறவருக்கு இலக்கணப் பிழை வரவே வராது. ஆங்கிலம் தெரியாதே என்ற கவலை கிடையாது. ஆனாலும் அவர் ஒரு நிமிஷம் அத்தனை பேர் முன்னால் நின்று, கண்ணைப் பார்த்து, குரல் கொடுத்துவிட்டார். பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அடுத்தது பை விளையாட்டு. ஒரு துணிப்பையில் வெர்னியர் காலிப்பர், ஒற்றைச் செருப்பு, உடைந்த குடை, லேப் கோட்டு என்று போட்டு வையுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, அதை விற்க வேண்டும். உண்மையான உபயோகத்தை மட்டும் சொல்லக் கூடாது. வெர்னியரைக் காது குடையவும் விற்கலாம், கல்யாணப் பொருத்தம் பார்க்கவும் விற்கலாம். கையில் ஒரு பொருள் இருந்தால் கை நடுக்கம் தெரியாது என்பது உபரி லாபம்.

தொடர்கதையும் நல்லது. ஆளுக்கு இருபது செகண்டு. முன்னவர் முடித்த கடைசிச் சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும், அந்தாதி மாதிரி. அடுத்தவன் பேசும்போது காது கொடுக்காதவன் இதில் தோற்றுவிடுவான்.

'ஜாம்' உங்களுக்குத் தெரியும். 1967-ல் பி.பி.சி. வானொலியில் இயன் மெசிட்டர் உருவாக்கிய 'ஜஸ்ட் எ மினிட்' அதற்கு மூலம். தயங்கக் கூடாது, சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. அருமையான விளையாட்டுதான், ஆனால் வருஷக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி எப்போது திணறுவான் என்று காத்திருந்து மடக்குகிற ஆட்டம் அது. புதுசாக நீந்த வந்தவனைத் தண்ணீருக்குள் அமுக்கின மாதிரி ஆகிவிடும்.

அதைவிட, 1924-ல் ரால்ஃப் ஸ்மெட்லி கலிபோர்னியாவில் ஆரம்பித்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இருக்கிற 'டேபிள் டாபிக்ஸ்' சாதுவானது. சீட்டு எடுத்து, ஒன்றிலிருந்து இரண்டு நிமிஷம் பேசுவது. சீட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 'நேர்மை' என்று எழுதினால் பேச்சு வராது. 'பஸ்ஸில் சில்லறை இல்லை' என்று எழுதுங்கள், கொட்டும்.

எந்த மொழியில் பேசுவது? முதல் இரண்டு மாதம் தமிழில்தான். "இன்டர்வியூ இங்கிலீஷ்லதானே சார்?" என்று கேட்பீர்கள். மேடைக் கூச்சம் ஒரு கோளாறு, ஆங்கிலப் பழக்கமின்மை வேறொரு கோளாறு. மெஷினில் இரண்டு கோளாறு இருந்தால் ஒன்றைத் தனியாகப் பிரித்துச் சரி செய்துவிட்டுத்தானே அடுத்ததில் கை வைப்போம்? கூச்சம் போனபிறகு அதே சீட்டை ஆங்கிலத்தில் எடுங்கள்.

சீனியர்களுக்கு ஒரு வார்த்தை. இருப்பதிலேயே மோசமான சீட்டை நீங்கள் எடுத்து, நீங்கள் முதலில் பேச வேண்டும். அண்ணன் உளறுவதைப் பார்த்தால்தான் தம்பிக்குத் தைரியம் வரும். கூடத்தில் இருக்கும் யாருடைய நிறம், உடம்பு, ஊர், பேச்சு வழக்கு எதுவும் தலைப்பாக வரக் கூடாது. ஒரு பெண்ணைச் சிரிப்புக்கு ஆளாக்கினால், அவளோடு சேர்ந்து அவள் தோழிகளும் அடுத்த வாரம் வர மாட்டார்கள். மார்க் போடாதீர்கள். 'பாஸ்' சொல்ல ஒரு தடவை அனுமதி உண்டு, இரண்டாம் தடவை கிடையாது. கூட்டத்தை நாற்பது நிமிஷத்தில் முடித்துவிடுங்கள், 'இன்னும் கொஞ்சம் ஆடியிருக்கலாமே' என்று இருக்கட்டும்.

சாப்பாட்டு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது. டப்பாவில் சீட்டு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். சீனியர்தான் முதலில் என்று இப்போதுதான் சொன்னேன், ஆகையால் எடுக்கிறேன்... 'தேங்காய் சட்னியின் சுயசரிதை'. சரி, ஒரு நிமிஷம். தம்பி, கடிகாரத்தைப் பாருங்க. அடுத்து, அந்தக் கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால ஒளியுற நீலச் சட்டை, நீங்கதான். மெதுவா நடந்து வாங்க, அதுக்குள்ள நான் சட்னியை முடிச்சிடறேன்.